பட்டணத்து ஓட்டலில் என் அண்ணன்

என் அண்ணன் பட்டணம் பார்க்க வருவதாகச் சொல்லவே இல்லை. ஆயில் எஞ்சின் பார்க்க வருவதாகத்தான் சொல்லியனுப்பினார். கிணற்றங்கரையில் மாட்டை முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் இறைத்தது போதும், எஞ்சின் வைத்துவிட்டால் மாட்டுக்கும் ஆளுக்கும் ஓய்வு, பட்டணத்தில் அது வகை வகையாக விற்கிறதாம், தங்கச்சியும் மாப்பிள்ளையும் போகிறபோது நானும் கூட வந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன் என்று எங்கள் ஊர் வண்டிக்காரர் வழியாகச் செய்தி வந்தது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலைப் பார்க்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் என் அண்ணனுக்குக் கிரீடம் இறங்கிவிடும்.

சிரித்தேனே தவிர, செய்தியைக் கேட்ட நிமிஷத்திலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அண்ணன் எங்களோடு வெளியூர் வருகிறார் என்பது சின்ன விஷயமில்லை. அவர் என் வீட்டுச் சோற்றைத் தொட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

அதைச் சொல்லிவிடுகிறேன். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். எனக்கு நினைவு தெரிவதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர் அண்ணன். எனக்குத் தலை வாரிவிட்டது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அவர்தான். எனக்குத் தாய்வீடு என்றால் அந்த ஓர் ஆள்தான்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து ஊரில் மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவருக்கு ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. கொடி காட்டி, தண்டவாளத்தைத் திருப்பிவிட்டு வண்டியை இந்தப் பாதையிலிருந்து அந்தப் பாதைக்கு மாற்றுகிற வேலை. நிலத்தைப் பங்காளிகளுக்கே விற்றுவிட்டு, சேலம் ஜங்ஷன் இருக்கிற சூரமங்கலத்துக்குக் குடிபோனோம். விற்கச் சொன்னவளே நான்தான். அதில் எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம், தலைக்கு மேல் ஓட்டு வீடு, குழாயைத் திருகினால் தண்ணீர். இதைவிட ஒரு பெண்பிள்ளைக்கு என்ன வேண்டும்?

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. பங்காளிகளும் அக்கம்பக்கத்தாரும் கூடியிருந்த களத்தில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "மண்ணை வித்துப்போட்டு அடுத்தவங்கிட்டக் கொடி புடிக்கப் போறீங்களா? போங்க. இனி உன்ற ஊட்டுச் சோத்துல ஒரு பருக்கை என்ற பல்லுல படாது."

சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு பிறவி. பொங்கல் தவறாமல் சீர் வரும், வண்டிக்காரர் கொண்டுவந்து இறக்குவார். எங்கள் மகளுக்குக் குலசாமி கோயிலில் காது குத்தினபோது, தாய்மாமனாகத் தட்டு வரிசையோடு வந்து நின்றார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார், அவள் அழுதபோது தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தி போட இலை விரித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். அவ்வளவு ஜனத்துக்கு முன்னால் என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? சூரமங்கலத்தில் எங்கள் ரயில்வே குடியிருப்பு லைன் வீட்டுப் பெண்கள், உனக்குப் பிறந்த வீட்டார் என்று யாரும் வருவதே இல்லையே என்று கேட்பார்கள். அவருக்கு ஏகப்பட்ட நிலம், தலைக்கு மேல் வேலை என்று கதை அளப்பேன். அளந்துவிட்டு உள்ளே போய் அழுவேன்.

ஒரு தடவை நான் இறங்கிப்போய், "வாங்கண்ணா, வந்து ஒரு வாய் உண்ணுங்க" என்று கெஞ்சியிருந்தால் அவர் மனம் இளகியிருக்கலாம். நான் கெஞ்சவில்லை. அவர் வளர்த்த தங்கச்சிதானே நான், எனக்கு மட்டும் வீம்பு எங்கிருந்து குறைவாக வரும்?

ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் குடும்பத்தோடு போய்வர இலவச பாஸ் கொடுப்பார்கள். யுத்தத்துக்கு முந்தைய ஒரு கோடையில் அந்தப் பாஸை வைத்துக்கொண்டுதான் பட்டணம் கிளம்பினோம். என் வீட்டுக்காரர், நான், எங்கள் மகள். அண்ணன் தன் டிக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் உருமால். கையில் ஒரு கட்டுச்சோற்று மூட்டை. அந்த மூட்டையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. விரதம் ரயிலிலும் தொடரப்போகிறது.

சேலம் ஜங்ஷனை விட்டு வண்டி நகர்ந்தபோது, லைன் ஓரத்தில் பச்சைக் கொடி பிடித்து நின்ற ஓர் ஆள் எங்கள் ஜன்னலைப் பார்த்து நிமிர்ந்து ஒரு சலாம் வைத்தான். அடுத்த சிக்னல் கேபினில் இருந்தவரும் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினார். யாருக்கு இந்த மரியாதை என்று அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். இவருக்குத்தான் என்றேன். அந்தப் பையன்களுக்கெல்லாம் வேலை பழக்கிவிட்டவர் உங்கள் மாப்பிள்ளைதான், இவர் கையில் ஒரு வண்டிகூடத் தடம் மாறிப் போனதில்லை என்றேன். அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கூச்சப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான் எதற்குக் கூச்சப்படவேண்டும்? எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

மத்தியானம் இரண்டு மூட்டைகளும் அவிழ்ந்தன. அவர் மூட்டையில் என் நங்கை, அதாவது அவர் பெண்சாதி, கட்டிக்கொடுத்த புளிச்சோறு. என் மூட்டையிலும் புளிச்சோறு. நங்கையிடம் நான் கற்றுக்கொண்ட கைப்பக்குவம்தான் இரண்டும். எதிரெதிர்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டு ஒரே சோற்றைத் தனித்தனியாகத் தின்றோம். எங்கள் மகளுக்கு எந்த விரதமும் கிடையாது. இங்கே ஒரு பிடி, அங்கே ஒரு பிடி என்று இரண்டு பக்கமும் வளைத்துக் கட்டினாள். என் சோற்றை ஓர் உருண்டை பிடித்து மாமன் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள். மாமனுக்குப் பல் வலி சாமி, நீ தின்னு என்று அவள் கையைத் திருப்பி அவள் வாயிலேயே வைத்துவிட்டார். பல் வலியாம்! அதற்கு ஒரு நாழிகை முன்னால்தான் பொரிகடலையைக் கடகடவென்று மென்றுகொண்டு வந்தார்.

சென்ட்ரலில் இறங்கியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, மேலே ஒரு கம்பி, கீழே தண்டவாளம். அண்ணன் கண் கொட்டாமல் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் எங்களை நடத்திக்கொண்டுபோய்ப் பக்கத்துச் சத்திரத்தில் இடம் பிடித்துவிட்டார். யாரையும் வழி கேட்கவில்லை. எந்தச் சந்தில் நுழைந்தால் எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் முன்னால் நடக்க, என் அண்ணன் மூட்டையோடு பின்னால் நடந்தார். ஊரில் என் அண்ணன் யார் பின்னாலும் நடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் எஞ்சின் பார்க்கப் போனோம். கடைக்காரர் பாவம், எண்ணெய் ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றி ஓட்டியே காட்டினார். அது இடித்த இடியில் பிள்ளை வீறிட்டாள். அண்ணன் அதைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், விலை கட்டிவராது என்று ஒரு வார்த்தை சொன்னார். வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள், "கடல் எந்தப் பக்கமுங்க மாப்ள?" என்று கேட்டார்.

அப்படி வாங்க வழிக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மணலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தலையிலிருந்த உருமாலையும் அவிழ்த்துவிட்டார். கோயிலைத் தவிர வேறு எங்கும் அவர் அதை அவிழ்த்ததில்லை. அலை வந்து காலைத் தொட்டதும் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பென்று அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் பார்த்தார். "இத்தன தண்ணி கெடக்குது, ஒரு காணிக்குப் பாயாதே" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். வறண்ட கிணற்றுக்குள் இறங்கி இறங்கித் தூர் வாரின மனுஷர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கிட்டப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனாலும் போகவில்லை.

அதற்கடுத்த நாள் உயிர்க் காலேஜும் செத்த காலேஜும். மிருகங்களைக் கூண்டில் வைத்திருக்கிற தோட்டத்தை உயிர்க் காலேஜ் என்பார்கள், எலும்பும் பதம் பண்ணின தோலும் பழைய சிலைகளும் வைத்திருக்கிற மாளிகையைச் செத்த காலேஜ் என்பார்கள். பட்டணம் போய்வந்தவர்கள் இந்த இரண்டையும் பார்த்தேன் என்று சொல்லாவிட்டால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எங்கள் பட்டிநாய் இதைவிடச் சுறுசுறுப்பு என்றார். பெரிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்கு அடியில் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, இவர் மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தார். இதை இடித்துப் போட்டால் நம் காட்டுக்கு எத்தனை போகத்துக்கு எரு ஆகும் மாப்பிள்ளை என்று கேட்டார். அங்கிருந்த காவல்காரர் காதில் விழுந்துவிட்டது. மனுஷர் எங்கள் பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தார்.

இவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் எனக்கு ஒரு கவலை அரித்துக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் அவர் மூட்டையை அவிழ்த்தபோது சோறு ஊசிப்போயிருந்தது. கடல்காற்றில் எதுவும் தாங்குவதில்லை. என்னுடையதும் போய்விட்டது, ஆனால் எங்களுக்கு என்ன, என் வீட்டுக்காரர் எங்கேயோ போய் இட்லி வாங்கிவந்தார். அதை நான் இலையில் எடுத்துவைத்ததைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். நான் தொட்டு வைத்துவிட்டால் அது என் வீட்டுச் சோறு ஆகிவிடுமாம். இரண்டு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் வறுகடலையும் தின்றுவிட்டு, துண்டை விரித்துப் படுத்துவிட்டார். கடலை எப்படி என்று என் வீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தார். எங்கள் காட்டுக் கடலையின் ருசி இதற்கு ஏது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், உன் கையால் தின்னமாட்டேன் என்பவரை என்ன செய்வது? கோபமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

கடைசி நாள், கடற்கரையில் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் விட்டிருக்கிற இடத்துக்குப் போனோம். பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நகரமாட்டேன் என்றாள். திரும்பி வருகிறபோது மாமன் தோளில் உட்கார்ந்திருந்தவள் குனிந்து, மாமா வயிறு கத்துது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அண்ணன் காது வரைக்கும் சிவந்துபோனார்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். பேசினால் சரியான இடத்தில் பேசுவார். "ஓட்டலுக்குப் போலாமுங்க மச்சான். ஓட்டல் சோறு யாரு ஊட்டுச் சோறும் இல்லீங்க" என்றார்.

அண்ணன் அந்த வாதத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். காசு வாங்கிக்கொண்டு போடுகிற சோறு, அதில் உறவும் இல்லை பகையும் இல்லை. சரி என்றார். அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர் கொடுத்துக்கொள்வது என்று ஒரு நிபந்தனையும் போட்டார். முன்பின் தெரியாதவன் போடுகிற சோறு செல்லும், நான் போட்டால் செல்லாது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் அவர் வயிறு நிறைந்தால் சரி என்று பேசாமல் நடந்தேன்.

பெரிய ஓட்டல். வாசலிலேயே நெய் வாசனை. உள்ளே நடுவில் ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் பிராமணர்களுக்கு, இந்தப் பக்கம் மற்றவர்களுக்கு. அந்தக் காலத்தில் பெரிய ஊர் ஓட்டல்களில் அதுதான் வழக்கம். வாசலுக்கே வரமுடியாத ஜனங்களும் இருந்தார்கள், எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அது அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை. தடுப்பைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சல் மட்டும் நினைவிருக்கிறது. குடும்பத்தோடு வந்தவர்களுக்கென்று இந்தப் பக்கத்திலேயே திரை போட்ட ஓர் அறை இருந்தது. அதில் எங்களை உட்காரச் சொல்லி வரிசையாக இலை போட்டார்கள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆண்கள் உண்டு எழுந்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் இலை முன்னால் உட்காருவோம். அண்ணனோடு ஒரே பந்தியில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வந்து, உட்காருங்கம்மா, வெளியே ஆள் நிற்குது என்று அவசரப்படுத்தினார். அண்ணன் என்னைப் பார்க்காமலே, தனக்குப் பக்கத்திலிருந்த இலையைக் காட்டி, உட்காரு அம்மிணி என்றார்.

உட்கார்ந்தேன். சோறு மல்லிகைப்பூவாக இருந்தது. வெண்டைக்காய் சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், ரசம், அப்பளம், கெட்டி மோர். பசித்திருந்த அண்ணன் மளமளவென்று சாப்பிட்டார். மறுசோறு வாங்கினார், ரசத்துக்கு மறுபடியும் வாங்கினார். நான் என் இலையைப் பார்க்கவே இல்லை. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் என் அண்ணன் சாப்பிடுவதைப் பார்க்கிறேன். எனக்கு அதிலேயே வயிறு நிறைந்துவிட்டது. இவ்வளவையும் என் கையால் வடித்துக் கொட்டியிருக்கலாமே என்றும் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும்தான் வந்தது வினை. சுவரில் ஒரு பலகை தொங்கியது. சாப்பிட்டவர்கள் தங்கள் இலையைத் தாங்களே எடுத்துத் தொட்டியில் போடவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இலை எடுக்க ஆள் உண்டு. இந்தப் பக்கத்துக்குக் கிடையாது. என் வீட்டுக்காரர் பட்டணம் பழகினவர், படித்த கையோடு தன் இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பலகை படிக்கத் தெரியாது. பிள்ளை தின்று முடிக்கட்டும், சேர்ந்து எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தார். எங்கள் பக்கத்தில் உண்ட இலையை உண்டவர் எடுப்பது கிடையாது. சோறு போட்ட வீட்டார்தான் எடுக்கவேண்டும். விருந்தாளி தன் இலையில் கைவைத்தால் அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. கைவைக்க விட்டால் அது அந்த வீட்டாருக்கு அவமானம். எத்தனையோ பந்தி போட்டவர் என் அண்ணன். கூலியாள் உண்ட இலையைக்கூட நங்கைதான் எடுப்பாள்.

பரிமாறுகிறவர் வந்து, "ஏம்ப்பா, எலைய எடு. அடுத்த பந்தி நிக்குது" என்றார்.

ஏம்ப்பா! எங்கள் ஊரில் அவரை அப்படிக் கூப்பிட ஆள் பிறக்கவில்லை. விஷயம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முகம் செத்துப்போய்விட்டது. கோபப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, கோபப்படவில்லை. கை காய, இலையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்து போனால் சோறு போட்ட இடத்தின் சொல்லைத் தட்டினதாகும். இலையை எடுத்தால் தன்னையே அவமதித்துக்கொண்டதாகும். களத்தில் அத்தனை பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற மனுஷர், முன்பின் தெரியாத ஊரில் ஓர் எச்சில் இலைக்கு முன்னால் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, நிலைமையைப் பார்த்துச் சட்டென்று குனிந்தார். நான் எடுக்கிறேன் மச்சான் என்றார். அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க மாப்ள. நீங்க என்ற எச்ச எலையத் தொடப்படாதுங்க." கொடி பிடிக்கிறவர் என்று களத்தில் ஏசின அதே மாப்பிள்ளையிடம்தான் இப்படிச் சொன்னார்.

நான் எழுந்தேன். என் இலையை அப்படியே விட்டுவிட்டு அண்ணன் இலைக்கு முன்னால் குனிந்தேன். இரண்டு ஓரத்தையும் சேர்த்து, ஒரு பருக்கை கீழே விழாமல் மடித்து எடுத்தேன். பரிமாறுகிறவர், அவரவர் இலையை அவரவர்தான் எடுக்கணும்மா என்று ஆரம்பித்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இவரு என்ற ஊட்டுக்கு வந்த விருந்தாளிங்க. இந்த எலைய நாந்தான் எடுப்பேன். உங்க பலகைக்காக எடுக்கலீங்க."

திரைக்கு வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. தொட்டிவரைக்கும் தலை நிமிர்ந்து நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். என் கல்யாணத்தன்று மணவறையைச் சுற்றி நடந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

திரும்பி வந்தால் அண்ணன் இன்னும் உட்கார்ந்தேயிருந்தார். இலை இருந்த இடம் வெறும் தரையாகக் கிடந்தது. அவர் சாப்பிட்டது என்ன, நான் செய்தது என்ன என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார் போல. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. சொன்ன சொல்லை என் கையால் உடைத்துவிட்டேனே, பட்டென்று எழுந்து போய்விடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"எலைய நீ எடுத்துட்ட" என்றார்.

"ஆமாங்கண்ணா."

"அப்ப, நா உண்டது உன்ற ஊட்டுச் சோறா ஆயிப்போச்சு."

"ஆயிப்போச்சுங்கண்ணா."

வெளியே யாரோ தண்ணீர் கேட்டார்கள். பிள்ளை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"உன்ற ஊட்டு ரசத்துல உப்புத் தூக்கல் அம்மிணி" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். பரிமாறுகிறவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம், எங்கள் ரசத்தில் என்னம்மா குறை என்று கேட்டுக்கொண்டு நின்றார். ரெண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டுக் குறை வேறு சொல்கிறீர்களே என்று அண்ணனை நான் சத்தம் போட்டேன். பில்லுக்கு என் வீட்டுக்காரர் மொத்தமாகக் கொடுத்தபோது அண்ணன் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வண்டியேறினோம். அண்ணன் பாதி வழியில் தூங்கிவிட்டார், பிள்ளை அவர் மடியில். விடியக் கருக்கலில் சேலம் ஜங்ஷனில் இறங்கினோம். ஊர்ப்பக்கம் போக அவருக்கு வாடகைவண்டி வாசலிலேயே நின்றது. வண்டிக்காரர் கூப்பிட்டார். அண்ணன் கேட்காதவர் மாதிரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் ரயில்வே குடியிருப்பைப் பார்த்து நடந்தார். நாங்கள் மூட்டைகளோடு பின்னால் போனோம். ஒரு வார்த்தை பேசினால் எங்கே திரும்பிவிடுவாரோ என்று நான் வாயைத் திறக்கவே இல்லை.

எங்கள் லைனில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே ஓடு, ஒரே சுண்ணாம்பு, ஒரே பச்சைக் கதவு. அண்ணன் லைன் முனையில் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ஒருநாளும் வராதவருக்கு எது என்று எப்படித் தெரியும்? வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து, யார் இந்த உருமால் கட்டின ஆள் என்று பார்த்தார்கள். நான் அவருக்கு இரண்டு அடி பின்னால்தான் நின்றிருந்தேன். என்னைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அன்று களத்தில் எழுந்த அதே குரலில், லைன் முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெண்களைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க, என்ற தங்கச்சி ஊடு இதுல எதுங்க?"